ஆய்வுக்கூடத்திலிருந்து கொத்தனார் கைக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாட்டும் நடனமும் பட்டிமன்றமும் நிறைந்த இவ்விழாவில், செங்கல்லையும் சிமெண்டையும் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் எங்களைப் பணித்துள்ளனர். செவிக்கு இனிய பொருள் அன்று இது. ஆயினும் நம் குடும்பங்களுக்கு அயலான பொருளும் அன்று. சித்தூர்ப் பகுதியிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழரும் உளர்; உத்தியோகத்தின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் திருப்பதிக்கு வந்து தங்கிவிட்டோரும் உளர். இரு சாராரும் நாற்பது ஐம்பது வயதளவில் செய்யும் பெருஞ்செயல் ஒன்றே. ஒரு மனையை வாங்கி, சேமநிதியையும் மனைவியின் நகையையும் வங்கிக் கடனையும் ஒன்றாகத் திரட்டி, ஒரு வீடு எழுப்புகின்றனர். அது வாழ்நாளில் ஒருமுறை செய்யும் செயல். அதில் குறை நேர்ந்தால் மீண்டும் கட்டுவதற்குப் பொருளும் இராது; காலமும் இராது.

மறுபுறம், கட்டடத் துறையில் ஆராய்ச்சி செய்வோர் ஆண்டுதோறும் புதிய புதிய பொருள்களையும் முறைகளையும் கண்டுகொண்டே இருக்கின்றனர். அவற்றுள் பல செலவைக் குறைப்பவை, காலத்தை மிச்சப்படுத்துபவை, மண்ணையும் மணலையும் காப்பவை. அவை ஆய்வுக்கூடத்து வாயிலைத் தாண்டி நம் மனைக்கு வந்து சேர ஏன் இத்தனை காலம் ஆகிறது? அதனை எவ்வாறு விரைவுபடுத்தலாம்? இவ்விரு வினாக்களையே யாம் இன்று எடுத்துக்கொண்டுள்ளோம்.

காலம் எவ்வளவு ஆகிறது என்பதை முதலில் பார்ப்போம். இன்று சிமெண்ட் இல்லாமல் ஒரு படிக்கட்டும் கட்ட இயலாது. போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் காப்புரிமை பெற்ற ஆண்டு 1824. நம் நாட்டில் அதைச் செய்யும் முயற்சி 1904-இல் சென்னையில் தொடங்கியது, கடற்சிப்பிகளைக் கொண்டு செய்ய முயன்றனர், அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் நிறுவிய ஆலையே வெற்றி கண்டது. ஆக, தொண்ணூறு ஆண்டுகள்! கம்பி கட்டிய கான்கிரீட்டின் கதையும் சுவையானது. பிரான்சு நாட்டுத் தோட்டக்காரரான மோனியே என்பவர், பூந்தொட்டிகள் உடைந்துபோவதைப் பொறாமல், உள்ளே கம்பி வலையை வைத்துத் தொட்டி செய்து 1867-இல் காப்புரிமை பெற்றார். அத்தொட்டியின் வழித்தோன்றலே நம் தலைக்குமேல் உள்ள தளம்.

கம்பியை முன்னரே இழுத்து முறுக்கேற்றிக் கான்கிரீட்டை இறுக்கும் முறைக்குப் பிரெசினே என்ற பொறியாளர் 1928-இல் காப்புரிமை பெற்றார். நம் மாவட்டத்து வழியே ஓடித் தமிழகம் புகும் பாலாற்றின்மீது, செங்கற்பட்டருகே 1950-களில் எழுந்த சாலைப் பாலம் அம்முறையில் இந்தியா கண்ட முதற்பாலங்களுள் ஒன்று. இன்றோ, திருப்பதி நகரின் நடுவே, 2023 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஸ்ரீநிவாச சேதுவின்கீழ் நாம் நாள்தோறும் செல்கின்றோம். வேறோரிடத்தில் வார்த்த கான்கிரீட் துண்டங்களைக் கொணர்ந்து, மேலே தூக்கி, மணி கோப்பதுபோல் எஃகு வடத்தால் கோத்த பாலம் அது. பாலாற்றில் அன்று புதுமையாக இருந்தது, பேருந்து நிலையத்தருகே இன்று எவரும் ஏறெடுத்துப் பாராத பொருளாகிவிட்டது. புதுமை முற்றும் வெற்றி பெற்றமைக்கு அதனினும் நல்ல அடையாளம் இல்லை.

இப்பகுதி மக்கள் புதுமைக்கு அஞ்சுபவர்கள் என்று எவரேனும் கூறினால், அவரைச் சந்திரகிரிக் கோட்டைக்கு அழைத்துச் செல்லலாம். விசயநகர வேந்தர் காலத்து ராஜமகால் அங்கே மூன்று நிலைகளோடு நிற்கிறது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றாலேயே எழுப்பிய மாளிகை. மர உத்தரம் என்பதே அதில் இல்லை. அதனைக் கட்டிய நாளில் அது துணிச்சலான செயலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அத்துணிச்சலின் செலவை ஏற்றவர் அரசர், கொத்தனார் அல்லர், குடியானவரும் அல்லர். இதனை நெஞ்சில் இருத்துமாறு வேண்டுகிறோம்.

தாமதத்திற்குக் காரணம் கேட்டால், ஆராய்ச்சியாளர் கொத்தனாரின் அறியாமையைச் சுட்டுவார். கொத்தனார், படித்தவர்க்கு வேலை தெரியாது என்பார். இரண்டும் சரியான விடை என்று எங்களுக்குத் தோன்றவில்லை. புதுமை ஒன்று பிழைத்துப் போனால் நட்டம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். ஆராய்ச்சியாளர்க்கு நட்டம் இல்லை. பிழைத்துப் போன செய்தியையும் அவர் ஒரு கட்டுரையாக எழுதலாம். ஒப்பந்தக்காரர், உரியவர் கேட்டபடி செய்தேன் என்பார். அரசுப் பொறியாளரோ, விலைப்பட்டியலில் இல்லாத பொருளை மதிப்பீட்டில் சேர்த்தால் தணிக்கைக் குறிப்புக்கு விடை எழுதியே ஓய்ந்துபோவார். ஆதலின் பழைய வழியே செல்வார். எஞ்சியவர் மனைக்கு உரியவர். விரிசல் விட்ட சுவரோடு முப்பது ஆண்டுகள் வாழ வேண்டியவர் அவரே. அவர் அண்டை வீட்டைப் பார்த்து, அவ்வாறே எனக்கும் கட்டுக என்று சொல்வது அறியாமை அன்று. வேறு காப்பு இல்லாதவன் கைக்கொள்ளும் தற்காப்பு.

எனவே, எந்தப் புதுமை விரைந்து பரவிற்று, எது தேங்கிற்று என்பதை இக்கண் கொண்டு நோக்கினால் சில உண்மைகள் விளங்கும்.

இராயலசீமையின் கர்நூல், கடப்பைப் பகுதிகளில் கரிசல் மண் மிகுதி. மழையில் வீங்கி, கோடையில் சுருங்கி, வெடித்துக் கிடக்கும் மண் அது. அதன்மீது சாதாரண அடித்தளமிட்ட வீடு மேலெழும்பியும் கீழிறங்கியும் பிளந்துபோகும். இதற்கு உருர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒரு வழி கண்டனர். 1947-இல் தொடங்கிய நிறுவனம் அது. மேல்மண்ணின் அசைவு எட்டாத ஆழம்வரை தரையில் துளையிட்டு, அத்துளையின் அடிப்பாகத்தை மட்டும் குடைந்து அகலமாக்கி, கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பினால், தலைகீழாக நட்ட காளான்போல் ஒரு தூண் மண்ணுக்குள் ஊன்றி நிற்கும். மேல்மண் எவ்வளவு வீங்கினும் அத்தூண் மேலெழாது. இம்முறை நாடெங்கும் பரவிற்று. இந்தியத் தரநிலையிலும் இடம் பெற்றது. அதன் பின்னுள்ள கணக்கு எளிதன்று. ஆயினும் அந்நிறுவனத்தார் கணக்கை மட்டும் அச்சிட்டு அனுப்பவில்லை. இரண்டு மூன்று ஆட்கள் கையாலேயே சுழற்றித் துளையிடும் கருவியையும், அடியைக் குடையும் கருவியையும் செய்து கொடுத்தனர். மின்சாரமும் வேண்டா, பெரிய எந்திரமும் வேண்டா. அறிவு ஒரு கருவியின் வடிவில் ஆளின் கைக்கு வந்தது. ஆதலின் விரைந்து சென்றது.

மற்றொன்று நம் ஆந்திர மண்ணிலேயே பிறந்தது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் இடங்களிலெல்லாம் சாம்பல் மலைபோல் குவிகிறது. கடப்பை மாவட்டத்து முத்தனூர் அருகே உள்ள இராயலசீமை அனல்மின் நிலையத்தை நம்மவர் அறிவர். விசாகப்பட்டினத்தில் பானுமதிதாஸ், காளிதாஸ் என்னும் இரு ஆய்வாளர்கள், அச்சாம்பலோடு சுண்ணாம்பையும் ஜிப்சத்தையும் உரிய அளவிற் கலந்தால், சூளையில் வேகவைக்காமலே, நீர் தெளித்துப் பதப்படுத்திய அளவிலேயே கல் இறுகும் என்று காட்டினர். ‘பால்-ஜி’ என்று அதற்குப் பெயரிட்டனர். 1990-களில் அது ஊர் ஊராகப் பரவிற்று. சிறிய முதலீட்டோடு ஒரு சிறு பட்டறை வைத்தவரும் அக்கல்லைச் செய்ய முடிந்தது. விறகும் கரியும் மிச்சம். வயலின் மேல்மண்ணும் ஏரி வண்டலும் மிச்சம்.

இதில் யாம் வியப்பது அதன் வேதியியலை அன்று. அந்தக் கல், கல்லின் வடிவிலேயே இருந்ததே, அதைத்தான் வியக்கிறோம். கொத்தனார் தம் கரண்டியை மாற்ற வேண்டியதில்லை. தூக்குக்குண்டும் ரசமட்டமும் பழையனவே. நேற்று அடுக்கியவாறே இன்றும் அடுக்கலாம். நட்டம் வந்தாலும் ஒரு சுவரளவே. இதனோடு அரசின் ஆணையும் சேர்ந்தது. 1999 செப்டம்பர் 14-ஆம் நாள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அனல்மின் நிலையங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் கட்டடப் பொருள்களில் சாம்பலைப் பயன்படுத்தல் வேண்டும் என்று அறிவித்தது. பின்னர் அத்தொலைவு 2003-இல் 100 ஆகவும், 2016-இல் 300 ஆகவும் விரிந்தது. கை மாறாத புதுமையும் அரசின் ஆணையும் கூடின. சாம்பற் கல் நிலைபெற்றது.

ஆயினும் சாம்பற் கல் என்றவுடன் முகம் சுளிப்போர் நம் குடியிருப்புகளில் பலர். சுவரில் விரிசல் விடுகிறது என்பது அவர்களின் குறை. அக்குறை பொய் அன்று. பட்டறையில் இரண்டு மூன்று வாரம் நீரில் பதப்பட வேண்டிய கல்லை, கேட்பார் மிகுதி என்பதனால், ஈரம் உலருமுன் வண்டியில் ஏற்றி விற்றுவிடுகின்றனர். சுவரில் ஏறிய பின் அது சுருங்குகிறது. சுருங்கினால் பூச்சு பிளக்கிறது. பழியோ ஆராய்ச்சியின்மேல் விழுகிறது! இத்தகைய ஓர் அவப்பெயர் ஒரு தெருவில் பரவினால், பத்து ஆய்வுக் கட்டுரைகள் கூடி அதனைத் துடைக்க மாட்டா.

இனி, கொத்தனாரின் கையையே மாற்றுமாறு கேட்கும் புதுமைகளுக்கு வருவோம். இங்கேதான் சிக்கல் மிகுதி.

உரத் தொழிற்சாலைகளில் பாஸ்போஜிப்சம் என்னும் கழிவு குவிகிறது. அதனைச் சுட்டுப் பதமாக்கி, கண்ணாடி இழை கலந்து, உள்ளே கூடுகூடாக வெற்றிடம் விட்டு வார்த்த பெரும் பலகைகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1990 அளவில் தோன்றிய முறை. ஒரு பலகை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மில்லிமீட்டர் தடிமன் உடையது. அதாவது, ஒரு வீட்டின் முழு நீளச் சுவரும் ஒரே பலகை. கதவுக்கும் சன்னலுக்கும் வேண்டிய இடத்தை ஆலையிலேயே அறுத்து அனுப்பிவிடலாம். மனையில் அதனை நிறுத்தி, வெற்றிடங்களில் வேண்டியவற்றுள் கம்பியும் கான்கிரீட்டும் இட்டால் சுவர் முடிந்தது. மேற்பூச்சு வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் தேவதாஸ் மேனன், மெகர் பிரசாத் ஆகிய பேராசிரியர்கள் பல ஆண்டுகள் இதனை ஆய்ந்தனர். சுவருக்கு மட்டுமன்றித் தளத்திற்கும் அப்பலகையையே பயன்படுத்தும் வழியையும், நிலநடுக்கத்தைத் தாங்கும் வழியையும் வகுத்தனர். 2013-இல் தம் வளாகத்திலேயே நான்கு குடும்பங்கள் வாழத்தக்க இரண்டடுக்கு வீடொன்றை ஏறத்தாழ ஒரு மாதத்தில் எழுப்பிக் காட்டினர்.

இத்துணைச் சிறப்புடைய பலகையால் திருப்பதியில் தனி ஒருவர் வீடு கட்ட முனைந்தால் என்ன ஆகும்? ஒரு பலகையின் நிறை ஒன்றரை டன்னுக்கு மேல். நம் தெருவிலே அதனைத் தூக்கக் கிரேன் நுழைய வேண்டும். பலகையைத் தொலைவிலிருந்து நெடிய வண்டியில் கொணர வேண்டும். கொத்தனாருக்கு இதில் அடுக்குவதற்குக் கல்லே இல்லை. மூட்டுகளில் நீர் புகாமல் அடைக்கும் வேலையைக் கற்ற ஆள் வேண்டும். அதில் சோம்பினால் ஜிப்சம் நீரை உறிஞ்சும். மின்கம்பிக் குழாய்க்குச் சுவரைக் கொத்துகிறேன் என்று உளியை ஓங்கினால் கேடு. ஓர் ஆசிரியரோ ஒரு வங்கி எழுத்தரோ தம் ஒரே வீட்டைக்கொண்டு இத்தனை சோதனைகளையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையா?

ஆனால் நிறுவனம் செய்யலாம், செய்தும் உள்ளது. திருப்பதி ஐ.ஐ.டி. 2015-இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யே அதற்கு வழிகாட்டியாக அமைந்தது. 2017-இல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற கே. என். சத்தியநாராயணா சென்னையில் கட்டுமான மேலாண்மைப் பேராசிரியராக இருந்தவர். ஏர்ப்பேட்டருகே உள்ள அதன் வளாகத்தில், நிலையான கட்டடங்கள் எழுமுன் மாணவர்க்கு விடுதிகள் விரைந்து வேண்டியிருந்தன. அவ்விடுதிகளை அப்பலகைகளாலேயே கட்டினர். நெல்லூரிலும் மத்திய அரசின் கட்டடப் பொருள் மேம்பாட்டுக் கழகத்தார், செய்முறை விளக்கமாக, 36 வீடுகளை அதே முறையில் எழுப்பினர். ஆய்ந்தவர்களே தம் மாணவரை அதனுள் குடிவைத்தார்களே, அதுவே நாம் வேண்டும் உறுதி. நூறு விளம்பரங்களைவிட அவ்விடுதியில் தங்கிப் படித்த ஒரு பிள்ளையின் சொல் மேலானது. சுவர் எப்படி இருந்தது, மழைக்கு ஒழுகிற்றா, மே மாதத்தில் உள்ளே வெப்பம் எவ்வாறிருந்தது என்று அவனைக் கேட்டால் சொல்வான்.

அரசு பேரளவில் வீடு கட்டும்போது வேறொரு வழி திறக்கிறது. ஆந்திர நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், டிட்கோ வீடுகள் என்று நாம் வழங்கும் மூன்றுமாடி அடுக்ககங்களைத் திருப்பதி, சித்தூர், காளத்தி முதலிய இடங்களில் கண்டிருப்பீர்கள். அவற்றில் செங்கல்லே இல்லை. அலுமினிய அச்சுகளை நிறுத்தி, சுவரையும் தளத்தையும் ஒன்றாகவே கான்கிரீட்டில் வார்த்தனர். ஒரே அச்சு பன்முறை பயன்படுவதால், மிகப் பல வீடுகளைக் கட்டினாலன்றி இம்முறை கட்டுப்படியாகாது. ஆயிரக்கணக்கில் அரசு கேட்டதாலேயே அது வந்தது. வேகம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு குறைகளை மறைத்தல் ஆகாது. கான்கிரீட் சுவர் செங்கற் சுவரைவிட வெப்பத்தை எளிதிற் கடத்தும். நம் கோடைக்கு அது உகந்ததன்று. மேலும், சுவர்களே பாரத்தைத் தாங்குவதால், பின்னாளில் ஒரு சுவரை இடித்து அறையைப் பெரிதாக்க எண்ணுவது தவறு. குடியேறியவர்க்கு இதனை எடுத்துரைத்தல் கடமை. இன்னொன்றும் உண்டு. சுவர் விரைந்து எழுந்தும், குடிநீர், கழிவுநீர், சாலை முதலியன முடியாமையால் மாநிலத்திற் பல இடங்களில் வீடுகள் நெடுநாள் பூட்டிக் கிடந்தன. ஆராய்ச்சி சுவரை விரைவுபடுத்தும். கோப்பை விரைவுபடுத்தும் ஆராய்ச்சியை இனித்தான் செய்ய வேண்டும்.

சென்னைப் பெரும்பாக்கத்தில் நிகழ்ந்தது இதனினும் திருத்தமான ஏற்பாடு என்பது எங்கள் கருத்து. மத்திய அரசு ஆறு நகரங்களில் ஆறு வெவ்வேறு புதிய முறைகளில் வீடுகளைக் கட்ட முனைந்தது. 2021 சனவரி முதல் நாள் அடிக்கல் நாட்டினர். சென்னைக்கு வாய்த்தது, ஆலையில் முன்னரே வார்த்த கான்கிரீட் உறுப்புகளைக் கொணர்ந்து பொருத்தும் முறை. 1,152 வீடுகள் 2022 மே 26-ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்றன. அதன் சிறப்பு வேகம் மட்டும் அன்று. கட்டிக்கொண்டிருக்கும்போதே மாணவரும் பொறியாளரும் வந்து பார்த்துக் கற்கலாம் என்று வேலையிடத்தைத் திறந்து வைத்தனர். மூடிய வேலியின் பின்னே எழும் கட்டடம் ஒருவருக்கும் ஒன்றும் கற்பிப்பதில்லை.

தரநிலையைப் பற்றியும் ஒரு சொல். சிமெண்ட் ஆலைகள் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டுக் கிளிங்கர் செய்கின்றன. அதனாற் கரியமில வாயு மிகுதியாக வெளியாகிறது. அக்கிளிங்கரில் பாதியைக் குறைத்து, அதற்கு ஈடாக, ஏறத்தாழ 800 பாகையளவில் சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கற் பொடியையும் கலக்கலாம் என்று சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர் கூடிக் கண்டனர். தில்லி, சென்னை ஐ.ஐ.டி.க்கள் இதில் பெரும்பங்கு கொண்டன. சோதனைக் கட்டடங்கள் எழுந்து ஏறத்தாழ பத்தாண்டுகள் கழிந்து, 2023-இல் ஐ.எஸ். 18189 என்னும் இந்தியத் தரநிலை வெளிவந்தது. பத்தாண்டு என்பது நீண்ட காலமே. எனினும் தொண்ணூறு ஆண்டோடு ஒப்பிட்டால் ஓட்டம் என்றே சொல்லலாம். தரநிலை எண் ஒன்று பிறந்த பின்னரே பொறியாளர் துணிந்து கையொப்பமிடுவார். வங்கியும் கடன் தரும். ஆதலின், தரநிலையை வகுப்போர் ஆய்வு முற்றும் முடியும்வரை காத்திராமல், ஆய்வின் நடுவிலேயே உடனமர்தல் வேண்டும். அடுத்து மாநில அரசின் விலைப்பட்டியலிலும் அப்பொருள் காலந்தாழாது ஏறல் வேண்டும். பட்டியலில் இல்லாத பொருள், அரசுக்கு இல்லாத பொருளே.

இதுவரை கூறியன அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உரியவை. நம்மைப்போன்ற ஒரு சங்கத்திற்கு இதில் வேலை உண்டா? உண்டு என்று நம்புகிறோம். அது மொழி வேலை.

புதிய பொருளோடு வரும் செய்முறைக் குறிப்பு எம்மொழியில் உள்ளது? ஆங்கிலத்தில். அதனைக் கையாளும் கொத்தனார் எம்மொழி படிப்பார்? இந்நகரங்களில் சுவர் எழுப்புவோருள் தெலுங்கு படிப்போரும் உளர்; வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து தமிழ் படிப்போரும் உளர். ‘இத்தனை நாள் நீர் விடுக’ என்ற ஒரு வரி ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதால் ஒரு சுவர் கெடுகிறது. இரு மொழியும் அறிந்த நம்மினும் அவ்வரியைப் பெயர்க்கத் தக்கவர் யார்? கட்டடச் சொற்களில் இரு மொழிகளும் உடன்பிறந்தாரே. நாம் சுண்ணாம்பு என்பதை அவர்கள் சுன்னம் என்பர். நம் பழைய இட்டிகையே அவர்களுடைய இடுக. மேஸ்திரி இருவருக்கும் பொது. புதுச் சொல் ஆக்குவதிலே நம் புலவர்க்கு ஆர்வம் மிகுதி. யாம் வேண்டுவது அதுவன்று. கலவை, சாரம், சென்ட்ரிங், பூச்சு என்று வேலையிடத்தில் வழங்கும் சொற்களாலேயே எழுதிய ஒரு பக்கத் தாள் போதும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு.

எடுத்துக்காட்டாக, சாம்பற் கல்லுக்கான தாளில் இவ்வாறு எழுதலாம்: கல் செய்த நாளைப் பட்டறையில் எழுதி வாங்குக, மூன்று வாரம் ஆகாத கல்லை இறக்காதீர். வண்டிக்கு ஐந்து கல்லை எடுத்து நன்றாக உலர்த்தி நிறுத்துப் பார்க்க. ஒரு நாள் முழுதும் நீரில் மூழ்கவைத்து மீண்டும் நிறுக்க. மூன்று கிலோ இருந்த கல் மூன்று கிலோ அறுநூறு கிராமுக்கு மேல் ஏறினால் அந்த வண்டியைத் திருப்பி அனுப்புக. எழுப்பிய சுவருக்கு ஏழு நாளேனும் நீர் விடுக. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டா. ஒரு தராசும் ஒரு தொட்டியும் போதும். காய்கறிக்காரரிடம் தராசைப் பார்த்து வாங்கும் நம் தாய்மார்கள் இதனை எங்களினும் நன்றாகச் செய்வார்கள்.

அந்தத் தாளை எழுதும் பணியில் கொத்தனார்களையும் உடன் அமர்த்துதல் வேண்டும். ஆராய்ச்சியாளர் எழுதிய குறிப்பில் எங்கே கால் இடறும் என்பதை அவர்களே அறிவர். திருப்பதி ஐ.ஐ.டி.யும் ஸ்ரீவேங்கடேசுவரா பல்கலைக்கழகத்துப் பொறியியற் கல்லூரியும் இங்கேயே உள்ளன. பழஞ்சுண்ணாம்புக் கலவைகளை ஆய்வோர், சித்தூருக்கு அண்மையில், வேலூர் வி.ஐ.டி.யில் உள்ளனர். கடுக்காயும் வெல்லமும் எவ்வளவு சேர்த்தனர், எத்தனை நாள் புளிக்க வைத்தனர் என்று முதிய கொத்தனார்களிடம் கேட்க வேண்டியவர்கள் அவர்கள். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, கூலி இழப்புக்கு ஈடு கொடுத்து, இரு சாராரையும் ஒரே பந்தியில் அமர்த்தினால், அறிவு ஒருவழியாக மட்டும் ஓடாது என்பதை நேரிலே காணலாம். கூலி இழப்புக்கு ஈடு என்பதை அழுத்திச் சொல்கிறோம். நாட்கூலியை விட்டு வருபவருக்குப் பொன்னாடை ஈடாகாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். சங்கம் என்றேனும் தனக்கென ஒரு மண்டபமோ நூலக அறையோ எழுப்புமாயின், அதில் ஓர் அறையையேனும் புதிய முறையில் கட்டுவோமாக. முந்நூறு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் நட்டம் எவரையும் வீழ்த்தாது. அதனை ஒரு குடும்பம் தனித்து ஏற்குமாயின் எழ இயலாது. கட்டும்போது வேலியில் ஒரு வாயிலைத் திறந்து வைப்போம். அவ்வழியே செல்லும் கொத்தனார் எவரும் உள்ளே வந்து பார்க்கட்டும். கட்டிய பின், பழைய முறை அறையிலும் புதிய முறை அறையிலும் ஒவ்வொரு வெப்பமானியை மாட்டி, மே மாதத்தில் நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு நம் மாணவர் ஒருவர் இரண்டையும் குறித்து வைக்கலாம். ஐப்பசி மழையில் எங்கே கசிந்தது, எந்த மூலையில் மயிரிழை விரிசல் கண்டது, பழுது பார்க்க என்ன செலவாயிற்று என்பனவும் அந்தக் குறிப்பேட்டில் ஏறட்டும். அக்குறிப்பேடு அலமாரியில் பூட்டப்படாமல் சங்கத்து மேசைமீதே இருக்கட்டும். புதிதாக மனை வாங்கிய எவரும், கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன், வந்து அரைமணி நேரம் அதனைப் புரட்டிப் பார்த்துச் செல்லலாம்.